அந்தப் போர்வைக்கு எங்கக்கா பேரு வேண்டாம்

எங்கக்கா பேர நான் இதுல எழுதப்போறதில்லீங்க. மொதல்லயே சொல்லிப்போடறேன். எழுதத் தெரியாம இல்ல. எட்டாவதோட நின்னுட்டேன், ஆனா அக்கா பேரு எழுத அது போதும். அவ வேல செஞ்ச கம்பெனிக்காரங்க அந்தப் பேரப் பித்தளைத் தகட்டுல அடிச்சு எங்கூட்டு வாசலுக்கே கொண்டாந்து காட்டுனாங்க. பளபளன்னு இருந்துச்சு. அன்னிக்கிருந்து அந்தப் பேர ஆராச்சும் சொன்னா எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரியுது. அதனால அக்கான்னே சொல்றேன். எனக்கு அவ அக்காதான.

அக்காவுக்குக் கோவம் வந்தா கத்தமாட்டா. பாத்திரத்த வீசமாட்டா. ஊசில நூலு கோப்பா.

நாங்க இருக்கறது வேலம்பாளையத்துல, லைன் ஊடு. அம்மா, அக்கா, நான். அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனில ஓவர்லாக் டெய்லரு. நான் வேற ஒரு சின்னக் கம்பெனில செக்கிங். பனியன் துணி வெட்டுனா கழுத்து வெட்டுன துண்டு பாதி நெலாவாட்டம் மிஞ்சும், கை வெட்டுன துண்டு வாழையெலை கிழிஞ்சாப்பல மிஞ்சும். அதையெல்லாம் மூட்டை கட்டி வேஸ்ட் குடோனுக்குத் தாட்டி உடுவாங்க. அக்கா குடோன்காரருகிட்டப் பழமை பேசியே ஒரு பை நெறையா வாங்கிட்டு வந்துருவா. வந்து கலரு கலராப் பிரிச்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டுப்போட்டுக் கையாலயே போர்வை தெப்பா. பனியன் துணி ஓரம் சுருட்டிக்கும், கைத்தையலுக்கு அடங்காது. கட்டை வெரல்ல அழுத்திப் புடிச்சுட்டு, பல்லக் கடிச்சுட்டுத் தெப்பா.

"ஏங்க்கா, நாள் முச்சூடும் மிசின்லதான உக்காந்திருக்கற. இதையும் மிசின்ல குடுத்து ஒரே அடியா அடிச்சுட்டு வந்தா என்ன?"ன்னு ஒருக்கா கேட்டேன்.

"மிசினு சடார்னு முடிச்சுப்போடும் பாப்பா. எனக்குச் சடார்னு முடியப்படாது"ன்னா.

தெச்சு முடிச்ச ஒடனே பேரு வெக்கமாட்டா. மொதல்ல ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குக் கொண்டுபோய் அலசுவா. கல்லுல போட்டு அடிப்பா. எந்தத் துண்டு சாயம் உடுது, எது பக்கத்துத் துண்டு மேல ஏறுது, எது சுருங்குது, எல்லாம் அதுலதான் தெரியும். காஞ்சதும் மடில போட்டுத் தடவிப் பாப்பா. அப்பறம் பேரு வெப்பா. ஆளுக பேரத்தான் வெப்பா. அவளுக்கு ஆரு மேல கோவமோ அந்த ஆளு பேரு. எங்கூட்டுல போர்வைக்கு ஒரு ஆளு பேரு இருந்துச்சுன்னா, அந்த ஆளு எங்கக்காவ நோகடிச்ச ஆளுன்னு அர்த்தம். இது லைன் ஊட்டுல எல்லாருக்கும் தெரியும்.

மொதப் போர்வை பேரு வார்டன். அக்காவப் பதினஞ்சு வயசுல வெளியூரு மில்லுக்குத் தாட்டி உட்டாங்க. அங்கயே ஹாஸ்டலு. எங்கப்பா செத்த சேதி காலைலயே அந்த வார்டனுக்குப் போன்ல போயிருச்சு. அந்தப் பொம்பள, ஷிப்ட் முடியட்டும்னு பொழுதோடதான் அக்காகிட்டச் சொல்லிருக்கா. அக்கா வந்து சேர்றப்ப எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்பா மூஞ்சிய அவ பாக்கவேயில்ல. மில்லுல இருந்து நின்னு வந்தவ, மொத வேலையா ஒரு சின்னப் போர்வை தெச்சா. போர்வைகூட இல்ல, மடிச்சுத் தெச்ச கனமான சதுரம். அதத்தான் பொடக்காலி வாசப்படில போட்டுவெச்சா. நான் தண்ணி வாத்துட்டு வந்தா உள்ள இருந்து சத்தம் வரும்.

"ஈரக்காலோட வராத. வார்டன் மேல நல்லாத் தொடச்சுட்டு வா."

ஒறம்பரைக வந்தாலும் அதேதான். "வாங்கத்தை, வார்டன் மேல காலத் தொடச்சுக்கங்க." அவுங்க ஒண்ணும் வெளங்காமச் சிரிச்சுட்டே தொடைப்பாங்க.

பக்கத்து ஊட்டுல தின்னவேலி அக்கா ஒருத்தங்க இருக்கறாங்க. அக்கா கம்பெனிலயே, அவ லைன்லயே டெய்லரு. அவுங்களுக்கு இந்தப் பேரு வெக்கற சங்கதி நெம்பப் புடிச்சுப்போச்சு. ஒருநாளு வந்து உக்காந்துட்டு, "ஏளா, எங்க வீட்டுக்காரர் பேர்ல ஒண்ணு தச்சுத் தாளா. நான் அதுல மொளகா காயப்போடுதேன்"ன்னாங்க.

"உங்கூட்டுக்காரரு மேல எனக்கென்னங்க கோவம்? என்னயப் பாத்தா நல்லாத்தான் சிரிக்கறாரு. கோவம் உங்களுது. ஊசி நான் தர்றேன், நீங்க தைங்க."

"நான் தைக்க ஒக்காந்தா அவரோட நிக்குமாளா? அவுக அம்மைக்கு ஒண்ணு, அக்காளுக்கு ரெண்டு. துணிக்கு எங்க போவ?"

ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல அம்மா அடுப்புல பாலு பொங்குனதக்கூடப் பாக்கல.

அக்காவக் குன்னத்தூருப் பக்கம் கட்டிக் குடுத்திருந்தோம். தங்கல. மாமனோட அண்ணன், அக்காவுக்கு மச்சாண்டாரு மொற, அவருதான் அந்த ஊட்டுல எல்லாம். பத்துப் பேரு இருக்கற எடத்துல, "பனியன் கம்பெனி வாசல் பாத்தவ, ஊட்ல எப்பிடி அடங்குவா"ன்னு கேட்டிருக்காரு. மாமன் தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தாராமா. அக்கா அன்னிக்கே பையத் தூக்கிட்டு வந்துட்டா. வந்து தெச்சதுக்குப் பேரு மச்சாண்டார். அத மடிச்சு கிரைண்டருக்கு அடில குடுத்துட்டா, ஆடாம இருக்கட்டும்னு.

அவரு ஒருநாளு, கல்யாணத்த முறிச்சுக்க விடுதலை பேச எங்கூட்டுக்கு வந்தாரு. சேருல காலு மேல காலு போட்டு உக்காந்து பேசிட்டிருக்காரு. உள்ள கிரைண்டர்ல மாவு ஓடுது. தடதடன்னு சத்தம்.

அக்கா சொல்றா, "பாப்பா, கிரைண்டரு ஆடுது பாரு. மச்சாண்டார இன்னும் சித்த உள்ள தள்ளு."

அவரு திரும்பிட்டாரு. "ஆரத் தள்ளச் சொல்றே?"

"உங்களயில்லீங்க. துணியச் சொன்னேன்."

"துணிக்கு என்ற பேரா?"

"பேரச் சொல்லுவனுங்களா? மொற வெச்சுத்தான் கூப்படறேன். மருவாதியாத்தாங்க இருக்கறாரு, கல்லுக்கடில."

எங்கம்மாவுக்குப் பொறையேறிப்போச்சு. அந்தாளு வெச்ச காப்பிய வெச்சபடியே உட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

மாமனுக்கு அக்கா ஒண்ணுமே தெக்கல. "அவரு மேல கோவமில்லையாக்கா?"ன்னேன். "கோவம் வர்றாப்பல அவரு ஒண்ணுமே பண்ணலியே பாப்பா. அதானே கெரகம்"ன்னா.

எல்லாத்துலயும் பெரிய போர்வை ஒண்ணு இருந்துச்சு. அதுக்குப் பேரு அம்மா.

ஆமாங்க, எங்கம்மா பேர்லதான். படிச்சுட்டிருந்த புள்ளய மில்லுக்குத் தாட்டி உட்டது எங்கம்மாதான். அப்பா குடிச்சுட்டுக் கெடந்தாரு, நான் கைக்கொழந்தை, அம்மாவுக்கு வேற வழியில்ல. அது அக்காவுக்கும் தெரியும். தெரிஞ்சும் பேரு வெச்சா. அம்மா மொத நாளு அதக் காதுல வாங்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. பல நாளு கழிச்சு, வெங்காயம் உரிச்சுட்டே கேட்டாங்க.

"என்ற பேர எப்பத்தான் எடுப்ப?"

"எடுக்கறாப்பல இல்லம்மா. சாயம் நல்லாப் புடிச்சிருக்குது."

அம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. வெங்காயம்தான்னு நான் நெனச்சுக்கிட்டேன். ஆனா ஒண்ணுங்க, வார்டன் காலு தொடைக்க, மச்சாண்டாரு கிரைண்டருக்கு. அம்மாவ மட்டும் அக்கா போத்திட்டுப் படுத்தா. உள்ள கனத்த துணி வெச்சுத் தெச்சது. மார்கழிலயும் அதுதான், சித்திரை வெக்கைலயும் அதுதான். ஃபேன் காத்து ஆவாதும்பா. தலையோட இழுத்துப் போத்திக்குவா.

எனக்கு ஒண்ணும் தெக்கலியேன்னு நான் கேட்டிருக்கேன். "உன்ற மேல எனக்கென்ன புள்ள கோவம், போ"ன்னுட்டா. பொக்குன்னு போச்சு எனக்கு. திட்டுனாலும் பரவால்ல, ஒரு போர்வைல இருக்கோணும்னு ஆசை.

இனி கம்பெனி கதைக்கு வர்றேன்.

கம்பெனில அவ உக்கார்ற ஸ்டூலு இரும்பு. அதுக்கு ஒரு மெத்தை தெச்சுக் கொண்டுபோனா. அதோட பேரு பி.எம். புரொடக்சன் மேனேஜரத்தான் அப்பிடிக் கூப்படுவாங்க. பாத்ரூம் போனாக்கூட வாச்சப் பாக்கற ஆளு. காலைல அந்த ஆளு லைனுக்குள்ள வந்தா, தின்னவேலி அக்கா மெதுவாக் கேப்பாங்களாமா, "பி.எம். எங்களா?" அக்கா துணில இருந்து கண்ண எடுக்காமச் சொல்லுவாளாமா, "என்ற அடில." லைனே குனிஞ்சு சிரிக்கும். அந்தாளு தனக்கு மருவாதின்னு நெனச்சுட்டுப் போவான்.

அந்த மெத்தையத்தான் ஹெச்.ஆர். மேடம் பாத்தாங்க. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "சூப்பரா இருக்கே! இதுக்குப் பேர் ஏதாவது உண்டா?"ன்னிருக்காங்க.

"இருக்குதுங்க மேடம். சொன்னா நல்லாருக்காது."

மேடம் வெக்கப்படறான்னு நெனச்சுட்டாங்க. அதுல இருந்து புடிச்சுக்கிட்டாங்க. துணி வாங்கற வெளிநாட்டுப் பையருக வர்றாங்க, நம்ம கம்பெனி வேஸ்ட்லயே ஒரு பெரிய போர்வை தெச்சுக் குடு, ரிசப்சன் சொவத்துல மாட்டலாம்னு. அக்கா சரின்னுட்டா. எனக்கு ஆச்சரியமாப்போச்சு. "உனக்குத்தான் அவனுகளக் கண்டா ஆவாதே"ன்னேன்.

"அதுக்குத்தான். பெரிய துணியாக் கெடைக்குது, உடலாமா?"

ஊட்டுல எடமே இல்ல. போர்வைய விரிச்சா நாங்க சொவத்தோரம் ஒண்டிட்டு நடக்கோணும். சாப்பாட்டு நேரத்துல கம்பெனில கொஞ்சம், ஊட்டுல கொஞ்சம். நீலமும் காவியும் பாசிப்பச்சையுமா, நடுவுல கழுத்துத் துண்டெல்லாம் வட்டம் வட்டமாச் சேந்து, பாத்தா கண்ணு கட்டும். நெசமாவே அழகு. நான் இல்லீங்கல. முடிச்சதும் அக்கா அலசறதுக்கு ஊட்டுக்குக் கொண்டாறோணும்னு கேட்டா. மேடம் உடல. "அலசினா கலர் ஃபேட் ஆயிடும்மா, பையர் வர்ற நேரத்துல ரிஸ்க் வேண்டாம்." அப்பிடியே சொவத்துல ஏத்திட்டாங்க.

ஏத்திட்டு, பேரு வெக்கப் போட்டியாமா. கேன்டீன்ல பேப்பரு ஒட்டியிருந்துச்சு. நல்ல பேரு சொல்றவங்களுக்கு ஹாட்பாக்ஸு. தெச்சவள ஒரு வார்த்த கேக்கல. அக்கா பொழுதோட ஊட்டுக்கு வந்து அன்னன்னிக்கு வந்த பேரச் சொல்லிக் காட்டுவா. நாங்க சோத்தத் திங்க முடியாமச் சிரிப்போம்.

"செக்கிங்ல ஒரு புள்ள வானவில்லுன்னு எழுதிருக்குது. பாவம், சின்னப்புள்ள. கட்டிங் மாஸ்டரு பூந்தோட்டமாமா. பி.எம். என்ன எழுதிருக்கான் தெரியுமா? ஒரே குடும்பம்."

"அட!"

"ஒரே குடும்பமாமா. அப்ப எனக்குச் சொத்துல பாகம் பிரிச்சுத் தரச்சொல்லு."

"நீ என்ன பேருக்கா நெனச்சிருக்க?"

"அலசாத துணிக்கு எப்பிடிப் பேரு வெக்கறது? சாயம் உடுமா உடாதான்னே தெரியாம வெக்கறானுக, கூறுகெட்டவனுக." அப்பறம் மோரு ஊத்திப் பெசஞ்சுட்டே சொன்னா, "எப்பிடியும் ஒருநாளைக்கு எறக்கி அலசிருவேன். அதுக்குள்ள ஆருன்னு முடிவு பண்ணிக்கறேன். வரிசைல நெறைய ஆளு நிக்கறானுக."

அவ முடிவு பண்ணலீங்க. அதுக்குள்ள காச்சலு வந்துருச்சு.

கொதிக்கற காச்சலு. ஷிப்மெண்ட் நேரம். பி.எம்.கிட்டப் போய் கேட் பாஸு கேட்டிருக்கா. "மாத்தரை போட்டுக்கம்மா, கன்டெய்னர் போவட்டும், அப்பறம் எத்தன நாளு வேணாலும் எடுத்துக்க"ன்னிருக்கான். மறுநாளும் போனா. மொதலாளி லைனுக்குள்ள வந்தப்ப எந்திரிச்சு நின்னு அவருகிட்டயே கேட்டிருக்கா, "காச்சலா இருக்குதுங்க, ஊட்டுக்கு உடச்சொல்லுங்க"ன்னு. அவரு தலையத் தொட்டுப் பாத்துட்டு, "உங்கள மாதிரி ஆளுகள நம்பித்தான கண்ணு இந்தக் கம்பெனியே ஓடுது. ரெண்டே நாளு பல்லக் கடிச்சுக்க"ன்னுட்டுப் போயிட்டாரு. தொட்டுப் பாத்தாருங்க! சுடுதுன்னு கையில தெரிஞ்சிருக்குமில்ல? தெரிஞ்சுதான் போனாரு.

அன்னிக்கு ஊட்டுக்கு வந்து அக்கா சொவத்துல சாஞ்சு உக்காந்துட்டுச் சொன்னா, "கண்ணுன்னு கூப்புட்டாரும்மா, மொதலாளி." சொல்லிட்டுச் சிரிச்சா. அந்தச் சிரிப்ப நான் மறக்கமாட்டேன். ஊசி டப்பாவ எடுத்தா. நூலக் கோக்கப் பாத்தா. நூலு ஊசிக் காதுக்குள்ள போவல. நான் கோத்துத் தர்றேன்னேன். வேண்டாம்னு டப்பாவ மூடிட்டா.

மூணாவது நாளும் வேலைக்குப் போனா. மிசின் மேலயே சாஞ்சுட்டா. அப்பத்தான் கேட்டத் தொறந்தாங்க. ஆசுபத்திரில டெங்குன்னாங்க. டாக்டரம்மா, "முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சவங்க, எங்கம்மா மூஞ்சியப் பாத்துட்டு வார்த்தைய முழுங்கிக்கிட்டாங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல என்னால எழுத முடியாது.

காரியம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல ஹெச்.ஆர். மேடம் கார்ல வந்தாங்க. கூட ஒரு தம்பி, கைல தகடு. போட்டிய நிறுத்திட்டாங்களாமா. அந்தப் போர்வைக்கு எங்கக்கா பேரையே வெக்கறாங்களாமா. "அவங்க நினைவு என்னைக்கும் நம்ம கம்பெனில இருக்கும்மா. எம்.டி. சாரே சொன்னாரு. பையர் வர்றப்ப சின்னதா ஒரு ஃபங்சன். நீங்க வந்து தெறந்து வெக்கணும்."

எங்கம்மா தகட்ட வாங்கிப் பாத்தாங்க. எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. சரின்னு தலைய ஆட்டுனாங்க.

கார் போனதும் நான் கத்துனேன். லைன் ஊடே வெளிய வந்து பாத்துச்சு.

"நம்ம ஊட்ல போர்வைக்கு ஆரு பேரு வெப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா தலைய ஆட்டுன? வார்டன் பேரு, மச்சாண்டாரு பேரு, அந்த வரிசைல அவ பேர நிறுத்தறியா? அவ பேர அவளே தெச்சதுல மாட்டி, வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் பாருங்க எங்க நல்ல மனசுன்னு காட்டறதுக்கா?"

"என்ற பேர வெச்சதத்தான அவ போத்திட்டுப் படுத்தா"ன்னாங்க அம்மா.

"அது ஊட்டுல! இது அவனுக சொவத்துல!"

"கம்முனு இரு பாப்பா."

"இருக்கமாட்டேன். ஃபங்சன்ல வந்து எல்லாத்தையும் சொல்லிப்போடுவேன். அந்தத் தகட்டப் புடுங்கி அவன் மூஞ்சிலயே வீசுவேன்."

அன்னிக்கிருந்து ஃபங்சன் வரைக்கும் நான் அம்மாகூடப் பேசவேயில்ல. தட்டுல சோத்த வெச்சுட்டுப் போவாங்க, நான் திங்கமாட்டேன். அவ்வளவு கோவம் எனக்கு. பெத்த புள்ள பேர ஒரு தகட்டுக்கு வித்துட்டாங்கன்னு நெனச்சேன். அந்தப் பேரு சொவத்துல ஏறப்படாது. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், அது மட்டும்தான்.

ஃபங்சன்ல ரிசப்சன் பூராம் ஏசி. பூ அலங்காரம், குத்துவெளக்கு. வெள்ளைக்காரம்மா ஒருத்தங்க சேலை கட்டி உக்காந்திருந்தாங்க. மொதலாளி வெள்ளைச் சட்டை. பி.எம். கையக் கட்டிட்டு நிக்கறான். அக்கா லைன் டெய்லருகள எல்லாம் கை தட்டறதுக்குக் கூட்டியாந்து பின்னால நிறுத்தியிருந்தாங்க. எலக்ட்ரீசியன் டிரில்லிங் மிசினோட தயாரா நிக்கறாரு, தகட்ட மாட்டறதுக்கு. சொவத்துல எங்கக்கா போர்வை. நான் அதப் பாக்கவேயில்ல. பாத்தா அழுதுருவேன். அழுதா கத்த முடியாது.

மேடம் மைக்க அம்மாகிட்டக் குடுத்து, "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா"ன்னாங்க. நான் மைக்கப் புடுங்கலாம்னு எட்டு வெச்சேன். அம்மா என்ற கையப் புடிச்சுக்கிட்டாங்க. இரும்புப் புடி. மைக்க வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டு, மொதலாளிகிட்டத் திரும்பி, வெறுங்குரல்லயே பேசுனாங்க.

"ஏனுங் மொதலாளி, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்கப்படாதுங்க."

"கேளுங்கம்மா, என்ன வேணாலும் கேளுங்க."

"இதுக்கு என்ற புள்ள பேரு வேண்டாங்க."

மேடம் சிரிப்பு அப்பிடியே மூஞ்சில நின்னுபோச்சு.

"அவ போர்வை தெச்சா, மனசுல வெச்சிருக்கற ஆளுக பேரத்தானுங்க வெப்பா. மில்லு வார்டனம்மா பேர வெச்சிருக்கா. கட்டிக் குடுத்த ஊட்டு மச்சாண்டாரு பேர வெச்சிருக்கா. என்ற பேரக்கூட வெச்சிருக்கா. அவ பேர எதுக்கும் வெச்சதில்லீங்க. இதுக்கு நீங்க உங்க பேர வெய்ங்க சாமி."

"என்ற பேரா?"

"ஆமாங்க. கடைசியா ஊசியக் கைல எடுத்தப்பக்கூட உங்களப் பத்தித்தாங்க பேசுனா. கண்ணுன்னு கூப்புட்டாரும்மா, தலையத் தொட்டுப் பாத்தாரும்மான்னு சொன்னா. அவ இருந்திருந்தா உங்க பேரத்தான் வெச்சிருப்பா."

பின்னால திரும்பிப் பாத்தேன். தின்னவேலி அக்கா முந்தானைய வாய்ல வெச்சு அமுக்கிட்டிருந்தாங்க. கண்ணுல தண்ணி ஓடுது. லைனே தரையப் பாத்துட்டு நிக்குது. ஒருத்தி தோளு மட்டும் குலுங்குது.

மொதலாளிக்கும் கண்ணு கலங்கிருச்சுங்க. "அட, வேண்டாங்கம்மா. நான் அப்பிடி என்ன பண்ணிட்டேன்."

"நீங்க பண்ணுனத வேற ஆரும் பண்ணமாட்டாங்க சாமி."

மேடம் அத இங்கிலீசுல சொல்ல, வெள்ளைக்காரம்மா நெஞ்சுல கைய வெச்சுட்டு எந்திரிச்சுக் கை தட்டுனாங்க. பி.எம்.மும் தட்டுனான். மொதலாளி எங்கம்மாவப் பாத்துக் கும்புட்டாரு. "அந்தப் புள்ள ஆசை அதுன்னா நான் மறுக்கப்படாதும்மா"ன்னாரு.

"இன்னொண்ணுங்க. இத இன்னும் அலசவேயில்லீங்க. பேரு வெக்கறதுக்கு முன்னாடி எறக்கி, கல்லுல போட்டு நல்லா அடிச்சுத் தொவைக்கோணும். மிசின்ல போட்றாதீங்க. கையாலதான் அடிக்கோணும்."

"அப்பிடியே பண்ணிரலாம்மா." மேடத்தப் பாத்து, "நோட் பண்ணிக்கங்க"ன்னாரு.

அப்பறமா அந்தப் பேரத் தகட்டுல அடிச்சு மாட்டிட்டாங்கன்னு தின்னவேலி அக்கா வந்து சொன்னாங்க. தொவைக்கச் சொன்னப்ப ஹவுஸ்கீப்பிங் பொம்பளைக நானு நீயின்னு போட்டி போட்டாங்களாமா. அவரு பேரையும் நான் இங்க எழுதல.

ஆனா அன்னிக்கு, கேட்டுக்கு வெளிய வந்ததும், எனக்குச் சிரிப்பா அழுவையான்னு தெரியாம ஒண்ணு பீறிட்டு வந்துச்சு. அத்தன நாளு நான் பேசாம இருந்த அம்மாவக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். "எப்பிடிம்மா உனக்குத் தோணுச்சு? அவன் மூஞ்சியப் பாத்தியா? கும்புட்டாம்மா!"

அம்மா சிரிக்கல. ரோட்டோரத்துல ஒரு கல்லு மேல உக்காந்துட்டாங்க.

"சந்தோசப்பட்டுட்டான் பாரு"ன்னாங்க.

"என்னம்மா?"

"அவன் சந்தோசமா ஊட்டுக்குப் போவான். பொண்டாட்டிகிட்டச் சொல்லுவான். நல்லாத் தூங்குவான். எனக்குப் போதல பாப்பா. அந்தத் துணிய நூறு வருசம் அடிச்சாலும் எனக்குப் போதாது."

நான் பக்கத்துல உக்காந்தேன். லாரிக போயிட்டே இருந்துச்சு. எனக்கும் போதலீங்க. எனக்கு அந்தாளு மேல மட்டும் கோவமில்ல. அக்கா மேலயும் கோவம். மூணாவது நாளு காலைல, வேண்டாங்க்கா போவாத, வேல போனாப் போவுதுன்னு நான் கையப் புடிச்சு இழுக்கறேன். உதறிட்டுச் செருப்ப மாட்டிட்டுப் போனா பாருங்க. திரும்பிக்கூடப் பாக்கல. அந்தக் கோவத்த எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு எனக்குத் தெரீல. அவளுக்காச்சும் ஊசி இருந்துச்சு. எனக்குத் தையல் வராதுங்க. செக்கிங்ல உக்காந்து மிஞ்சுன நூல வெட்டத்தான் தெரியும்.